கட்டா: எதிரில் ஆளே இல்லாமல் யாரை அடிக்கிறோம்?

ஹெயான் ஷோதான் என்ற கட்டாவில் 21 அசைவுகள். முழுதாகச் செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கராத்தேயின் பாணிகளில் ஒன்றான ஷோடோகானின் வகுப்பில் வெள்ளை பெல்ட் கட்டியவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கட்டாக்களில் ஒன்று இது. இடப்பக்கம் திரும்பி ஒரு பிளாக், ஓர் அடி முன்வைத்து ஒரு பஞ்ச், அப்படியே பின்னால் திரும்பி இன்னொரு பிளாக் என்று போகும். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். எதிரே யாரும் கிடையாது. காற்றைத் தடுத்து, காற்றைக் குத்தி, நடுவில் இரண்டு முறை அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பி, குனிந்து வணங்கி முடித்துக்கொள்கிறோம்.

பிள்ளையைச் சேர்த்துவிட வந்த அப்பா ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், டான்ஸ் மாதிரி இருக்கு? சண்டை எப்ப சொல்லித் தருவீங்க?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். "முதல்ல பேஸிக் வரட்டும் சார்" என்று பல இடங்களில் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் போதாது. கட்டாவை வருடக்கணக்கில் செய்தும் அது எதற்கென்று தெரியாத கறுப்பு பெல்ட்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கராத்தே பயிற்சியை வழக்கமாக மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரே பஞ்சை, ஒரே கிக்கை வரிசையில் நின்று திரும்பத் திரும்பப் போடுவது கிஹோன். எதிராளியோடு மோதுவது குமித்தே. மூன்றாவது கட்டா. இந்த அசைவுக்குப் பின் அந்த அசைவு, இந்தத் திசை, இந்த நிலை, இந்த வேகம் என்று எல்லாம் முன்பே முடிவான ஒரு தொடர் அது. கற்பவர் தன் விருப்பத்துக்கு ஓர் அடியைக்கூட மாற்றிவைக்க முடியாது.

இன்றைக்குக் கண்ணைப் பறிப்பது குமித்தே. ஆனால் வயதில் கட்டாதான் மூத்தது. ஷோடோகான் பாணியின் மூல ஆசானான கிச்சின் ஃபுனாகோஷி 1922-இல், கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவிலிருந்து டோக்கியோ போய்க் கராத்தே கற்றுத்தரத் தொடங்கியபோது அவர் வகுப்பில் பெரும்பகுதி கட்டாதான். ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது 1957-இல். அதற்கு வெகுகாலம் முன்பே, தலைமுறை தலைமுறையாக, கராத்தே கற்பது என்றால் கட்டா கற்பது என்றுதான் இருந்தது.

ஒகினாவாவின் பழைய ஆசான்கள் பாடத்தை எழுதிவைத்துக் கற்பித்தது மிகக் குறைவு. மாணவர்களும் நாலைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஒருவன் கையைப் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது, விடுவித்த கையால் எங்கே அடிப்பது, அவன் தலையை எப்படித் தாழ்த்துவது என்பதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்து செய்தால்தான் புரியும். துணைக்கு ஆள் இல்லாத நேரத்தில் அதை மறக்காமல் இருக்க என்ன வழி? தன் பங்கு அசைவுகளை மட்டும் வரிசையாகக் கோத்துத் தனியாகச் செய்து பார்ப்பதுதான். கட்டாவைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை உருப்படியான விளக்கம் இதுதான்: இருவர் செய்த பயிற்சியில் ஒருவரை மட்டும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கட்டா. வாய்ப்பாட்டை நெட்டுருப் போட்டு வைத்திருப்பது போல உடம்பில் பதிந்து கிடக்கும். கணக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம். கணக்கே போடாமல் வாய்ப்பாட்டை மட்டும் ஒப்பித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் பல கராத்தே வகுப்புகளில் ஆகியிருக்கிறது.

நான்கே அசைவுகளில் என்ன இருக்கிறது

ஹெயான் ஷோதானின் முதல் அசைவையே எடுத்துக்கொள்வோம். இடது முஷ்டியை வலது காதருகே கொண்டுபோகிறோம். அதே நேரத்தில் வலது கை முன்னால் நீண்டிருக்கிறது. பிறகு இடது காலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே, இடது கை குறுக்காகக் கீழிறங்கி முழங்காலுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. வலது கை இடுப்புக்குத் திரும்புகிறது. இதற்கு கெதான் பராய் என்று பெயர். நம் வகுப்புகளில் டவுன் பிளாக் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் என்ன? வயிற்றுக்கு வரும் கிக்கை இடது கையால் தட்டிவிடுகிறோம். சரி, நன்றாகப் பழகிய ஒருவர் முழு வேகத்தில் விடும் முன் கிக்கை உங்கள் முன்கை எலும்பால் நேருக்கு நேர் மறித்துப் பாருங்கள். யார் வலியில் கத்துவார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். இன்னொன்றையும் கேட்க வேண்டும். தட்டிவிடத்தான் என்றால் இடது கை காதுவரை எதற்குப் போக வேண்டும்? வலது கை முன்னால் நீண்டு, பிறகு இடுப்புக்கு இழுபடுவது எதற்கு?

இடுப்புக்கு இழுபடும் கைக்கு ஹிகிதே என்று பெயர். எதிர்க்கையின் குத்துக்கு விசை கூட்டத்தான் அது என்று சொல்வார்கள். அப்படியானால் குத்துச்சண்டை வீரர்கள் ஏன் அந்தக் கையை முகத்தருகே வைத்துக்கொள்கிறார்கள், அவர்கள் குத்தில் விசை இல்லையா? ஹிகிதே வெறுங்கை இல்லை என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்திவிடுகிறது. அந்தக் கை எதிராளியின் மணிக்கட்டையோ சட்டைக் கையையோ பிடித்திருக்கிறது. இப்போது முதல் அசைவைத் திரும்பச் செய்து பாருங்கள். காதருகே போன இடது கை, முகத்துக்கு வந்த அடியை ஒதுக்குகிறது. முன்னால் நீண்ட வலது கை அவன் கையைப் பற்றி இடுப்புக்கு இழுக்கிறது. இழுபட்டு முன்சாய்ந்த அவனுடைய மேற்கையிலோ கழுத்தோரத்திலோ இடது முன்கை மேலிருந்து இறங்குகிறது. அடுத்த அடியில் வலது பஞ்ச். அவன் தலை ஏற்கெனவே தாழ்ந்திருப்பதால் குத்து விழ வேண்டிய இடம் எதிரிலேயே இருக்கிறது.

நான்காவது அசைவு இன்னும் தெளிவு. மூன்றாவதாக வலப்பக்கம் பின்னால் திரும்பி வலது கையால் டவுன் பிளாக் போட்டிருக்கிறோம். அங்கிருந்து அடுத்ததாக முன்னால் போகாமல், முன்காலைப் பாதி தூரம் பின்னுக்கு இழுத்து உடம்பை நிமிர்த்துகிறோம். வலது கை வட்டமாகச் சுழன்று மேலே போய், முஷ்டியின் அடிப்பகுதியால் சுத்தியல்போல் கீழே அடிக்கிறது. கட்டா முழுவதிலும் கால் பின்னுக்கு வரும் இடம் இது ஒன்றுதான். ஏன்? வலது மணிக்கட்டை ஒருவன் பிடித்துவிட்டான். கை பலத்தை மட்டும் நம்பி இழுத்தால், பிடித்தவன் பலசாலியாக இருக்கும்போது வராது. காலோடு சேர்த்து முழு உடம்பையும் பின்னுக்கு எடுத்து, அவன் கட்டைவிரல் பக்கமாகச் சுழற்றினால் பிடி விட்டுப் போகும். சுழன்ற கை அப்படியே அவன் காறை எலும்பின் மேல் இறங்கலாம். கெடுபிடியான ஷோடோகான் வகுப்புகளில்கூட இந்த ஒரு விளக்கத்தை மட்டும் மறுப்பில்லாமல் சொல்லித்தருவார்கள்.

இப்படி அசைவைப் பிரித்துப் பொருள் பார்ப்பதற்குப் புன்காய் என்று பெயர். ஓர் அசைவுக்கு ஒரே பொருள்தான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மேலே சொன்னதற்கு மாற்றாக வேறு இரண்டு விளக்கங்கள் உங்கள் மாஸ்டரிடம் இருக்கலாம். அவற்றை எடைபோட ஒரு வழி உண்டு. பிடிப்பவன் உண்மையாகவே இறுக்கிப் பிடிக்க வேண்டும். உங்களுக்கு ஒத்துழைக்கக் கூடாது. அப்போதும் வேலை செய்தால் அது நல்ல விளக்கம். தனக்கு வசதியாகக் கையை நீட்டிக்கொண்டு சிலைபோல் நிற்கும் துணையிடம் எல்லா விளக்கமும் வேலை செய்யும்.

எட்டுத் திசையில் எட்டுப் பேரா?

கட்டாவில் இடம், வலம், பின்னால் என்று திரும்பிக்கொண்டே இருப்பதால் "நாலு பக்கமும் சூழ்ந்த எதிரிகளோடு போடும் கற்பனைச் சண்டை" என்று பலர் விளக்குகிறார்கள். சிறுவர்களுக்குச் சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. ஷிதோ ரியு பாணியை உருவாக்கிய கென்வா மபுனி, 1938-இல் வெளிவந்த தம் புத்தகத்திலேயே, எட்டுத் திசையில் போகும் கட்டா எட்டு எதிரிகளுக்கானது என்ற பேச்சை அபத்தம் என்று ஒதுக்கியிருக்கிறார். எதிரி முன்னால்தான் இருக்கிறான். நாம்தான் அவனுக்குப் பக்கவாட்டிலோ சாய்கோணத்திலோ நகர்கிறோம். அந்தக் கோணத்தைத்தான் கட்டாவின் திருப்பங்கள் குறிக்கின்றன என்பது அவர் விளக்கம்.

சில திருப்பங்கள் எதிராளியைத் தூக்கிப் போடும் அசைவாகவும் பொருந்துகின்றன. ஹெயான் ஷோதானில் முக்கால் வட்டம் திரும்பும் இடங்கள் உண்டு. பிடித்த கையை விடாமல் அந்தத் திருப்பத்தைச் செய்தால் எதிராளி உங்கள் காலைத் தாண்டி விழுவான். கராத்தேயில் ஏது தூக்கிப் போடுவது, அது ஜூடோ அல்லவா என்று தோன்றலாம். ஃபுனாகோஷியின் 1935-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எதிராளியை வீழ்த்தும் பிடிகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது.

இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. 1762-இல் ரியூக்யூ தீவுகளிலிருந்து (இன்றைய ஒகினாவா) கிளம்பிய கப்பல் ஒன்று புயலில் சிக்கி ஜப்பானின் தோசா கரையில் ஒதுங்கியது. அதில் வந்தவர்களிடம் கேட்டறிந்து எழுதிய குறிப்பில், கூஷாங்கு என்ற சீனர் ஒருவர் செய்துகாட்டிய சண்டை வித்தை பற்றி வருகிறது. மெலிந்த உடம்புக்காரரான அவர் தன்னைவிடப் பலசாலிகளை மடக்கினாராம். எதிராளியைக் கையால் பற்றிக்கொண்டு செய்த வித்தை அது. அவர் பெயரில்தான் கூஷாங்கு கட்டா இருக்கிறது. ஷோடோகானில் அதுவே கான்கு.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர்கள் போதிதர்மர் பெயரை எடுப்பார்கள். காஞ்சிபுரத்திலிருந்து போனவர்தான் இதையெல்லாம் சீனர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது பேனர் வைக்கும் அளவுக்குப் பரவிய நம்பிக்கை. அவரையும் ஷாவோலின் உடற்பயிற்சியையும் சேர்த்துப் பேசும் நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியது. ஆய்வாளர்கள் அதை வரலாறாக ஏற்பதில்லை. கராத்தேயின் கட்டாக்களில் கணிசமானவற்றுக்கு வேர், ஒகினாவாவுக்குக் கடல்வழியில் அருகே இருந்த சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் இருக்கிறது. வணிகமும் தூதும் அந்த வழியாகத்தான் நடந்தன.

பொருள் எங்கே தொலைந்தது

1879-இல் ஜப்பான் ரியூக்யூ அரசை ஒழித்து அதை ஒகினாவா மாவட்டமாக்கியது. அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. அவர்களில் பலரிடம்தான் இந்த வித்தை இருந்தது. அன்கோ இதோசு என்ற ஆசான் இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். 1901-இல் பழைய தலைநகரான ஷூரியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் கராத்தே நுழைந்தது. ஏற்கெனவே இருந்த கட்டாக்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்பதால் பினான் என்ற பெயரில் ஐந்து கட்டாக்களை அவர் அமைத்தார். ஃபுனாகோஷி பின்னாளில் ஹெயான் என்று பெயர் மாற்றியது இவற்றைத்தான்.

ஆசானிடம் நாலைந்து பேர் கற்ற வித்தையை மைதானத்தில் நிற்கும் நூறு பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது? வரிசையாக நிறுத்தி, எண்ணிக்கை சொல்லி, ஒரே நேரத்தில் எல்லோரையும் அசையவைப்பதுதான் வழி. கழுத்தை முறுக்குவதையும் கண்ணில் குத்துவதையும் பத்து வயதுப் பையனுக்குச் சொல்லித்தர முடியுமா? கூடாது. அதனால் அசைவு இருந்தது, விளக்கம் பிளாக், பஞ்ச் என்று எளிமையாகிப் போனது. இதோசு மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அப்படிச் செய்திருக்காவிட்டால் கராத்தே அந்தத் தீவிலேயே அடங்கிப் போயிருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், 1908-இல் கல்வித் துறைக்கு அவர் எழுதிய பத்து அம்சக் கடிதத்திலேயே, ஒவ்வொரு நுட்பத்தின் விளக்கத்தையும் நன்றாகக் கேட்டறிந்து எப்போது எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். கடிதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

உடம்பைப் பண்படுத்தும் வேலை

நினைவில் வைப்பதற்கு மட்டும்தான் கட்டா என்றால் பொருள் தெரிந்த பிறகு அதைச் செய்ய வேண்டியதில்லை. அப்படி இல்லை. உடம்பைச் சரியாக நிற்கவும் நகரவும் பழக்குவது அதன் இன்னொரு வேலை.

இதற்குச் சான்சின் கட்டாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. கோஜு ரியு, உயெச்சி ரியு ஆகிய பாணிகள் இரண்டுக்கும் இதுதான் அடிப்படை. பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பாதங்கள் லேசாக உள்நோக்கித் திரும்பியிருக்க, முழங்கால் சற்று மடங்கி, மிக மெதுவாகச் சில அடிகள் முன்னால், சில அடிகள் பின்னால். கைகளும் மெதுவாகத்தான் நீளும். மூச்சு அடிவயிற்றிலிருந்து நீளமாக வரும். கோஜு ரியுவில் அந்த மூச்சின் ஓசை அறைக்கு வெளியே கேட்கும். செய்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் சுற்றிவந்து தோளில் தட்டுவார், தொடையில் தட்டுவார், வயிற்றை அழுத்திப் பார்ப்பார். எங்காவது தளர்ந்திருந்தால் அந்தத் தட்டில் உடம்பு ஆடிவிடும். தோள் ஏறியிருந்தால் அங்கேயே கை வைத்து இறக்கிவிடுவார். இரண்டு நிமிடத்தில் வியர்த்துக்கொட்டும். ஒன்று சொல்ல வேண்டும்: ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி உடம்பை முறுக்கும் முறையை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

நைஹான்சி வேறு வகை. ஷோடோகானில் டெக்கி என்பார்கள். குதிரை மேல் உட்கார்ந்ததுபோல் கால்களை அகட்டி நின்று, ஒரே கோட்டில் இடமும் வலமுமாக மட்டும் நகர வேண்டும். முன்னால் ஓரடிகூட இல்லை. இடுப்பைச் சின்ன அசைவில் திருப்பிக் கைக்கு விசை ஏற்றப் பழக்கும் கட்டா இது. தெருச்சண்டைகளில் பேர்போன சோகி மோட்டோபு எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதித்தது இந்தக் கட்டாவைத்தான். வீட்டு பால்கனியிலேயே செய்துவிடலாம் என்பது நமக்குக் கூடுதல் வசதி.

எப்படிப் பழகுவது

முதலில் வழித்தடம். கட்டாவில் கால் போகும் பாதைக்கு எம்புசென் என்று பெயர். ஹெயான் ஷோதானுக்கு அது ஆங்கில எழுத்து ஐ வடிவில் வரும். கைகளை மறந்துவிட்டு, நடந்து மட்டும் பாருங்கள். எங்கே திரும்புகிறோம், எந்தக் கால் நகர்கிறது, எத்தனை அடி என்பது பதிந்த பிறகு கைகளைச் சேர்த்தால் குழப்பம் பாதி குறையும். ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் இடம் இருந்தால் போதும். மொட்டை மாடி தாராளம்.

தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முடிக்கும்போது அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அரை அடி முன்னால் நிற்கிறீர்கள் என்றால் வரும்போது வைத்த அடிகள் போகும்போது வைத்ததைவிடக் குட்டையாகிவிட்டன. களைப்பில் நிலை உயர்ந்துவிடும்போது இப்படி ஆகும். பக்கவாட்டில் விலகியிருந்தால் ஏதோ ஒரு திருப்பத்தில் காலைச் சரியான தூரத்துக்குக் கொண்டுபோகவில்லை. மாஸ்டர் பக்கத்தில் இல்லாதபோதும் தவறைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இது.

திரும்பும்போது முதலில் தலை திரும்ப வேண்டும், பிறகுதான் உடம்பு. பார்க்காத திசையில் கை போனால் அது வெறும் அசைவு. முழங்கால் எப்போதும் கால்விரல் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். உள்ளே சாய்ந்தால் இரண்டு வருடத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டிவரும். மூச்சை அடக்கிக்கொண்டு கட்டா செய்பவர்கள் பத்தாவது அசைவிலேயே முகம் சிவந்துபோவார்கள். ஒவ்வோர் அடியும் முடியும் கணத்தில் மூச்சு வெளியே போகட்டும்.

அப்புறம் தாளம். வகுப்பில் இச்சி, நி, சான் என்று எண்ணும்போது எல்லா அசைவும் ஒரே இடைவெளியில் வரும். அது கற்பிப்பதற்கான வசதி, கட்டாவின் தாளம் இல்லை. பிளாக்கும் அதைத் தொடரும் பஞ்சும் ஒரே மூச்சில் வர வேண்டும், அந்த ஜோடி முடிந்ததும் ஒரு சிறு நிறுத்தம். மேலே சொன்ன பிடித்து இழுத்து அடிக்கும் பொருளை மனதில் வைத்துச் செய்தால் தாளம் தானாகவே வந்துவிடும். கையைப் பிடித்து இழுத்த பிறகு ஒரு விநாடி நின்று வேடிக்கை பார்த்துவிட்டா குத்துவோம்?

கட்டா வரிசை மனப்பாடமான பிறகுதான் உண்மையில் பயிற்சி தொடங்குகிறது. தினமும் ஒரே சுவரைப் பார்த்துச் செய்யாமல் வேறு பக்கம் திரும்பி நின்று தொடங்குங்கள். சுவரையும் ஜன்னலையும் அடையாளமாக வைத்துக் கற்றவர்கள் உடனே தடுமாறுவார்கள். நடுவிலிருந்து தொடங்கிப் பாருங்கள். இடம் வலத்தை மாற்றிச் செய்து பாருங்கள். ஒரு தடவை மெதுவாக, விசையே இல்லாமல், நிலையை மட்டும் கவனித்து. அடுத்த தடவை முழு வேகத்தில். ஒரே மாதிரி இருபது தடவை ஓட்டுவதைவிட இது பயன் தரும்.

யூடியூபைப் பார்த்துக் கற்பது பற்றியும் கேட்பார்கள். மறந்த வரிசையை நினைவுபடுத்திக்கொள்ள நல்லது. ஆனால் பெயரை வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். ஷோடோகானின் ஹெயான் ஷோதான்தான் ஷிதோ ரியுவில் பினான் நிதான். முதலாவதும் இரண்டாவதும் இடம் மாறியிருக்கும். ஒரே கட்டாவிலும் பாணிக்குப் பாணி நிலையும் கைவீச்சும் வேறுபடும். உங்கள் டோஜோ (பயிற்சிக்கூடம்) எந்தப் பாணி, எந்தச் சங்கம் என்று தெரிந்துகொண்டு அதற்குரிய காணொளியைப் பாருங்கள்.

எத்தனை கட்டா தெரிய வேண்டும்? ஷோடோகானில் 26, கோஜு ரியுவில் 12 என்பது பொதுவான கணக்கு. ஷிதோ ரியுவில் 50-க்கு மேல் போகும். உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டிப் பட்டியலில் 102 கட்டாக்கள். இந்த எண்ணிக்கை மோகம் புதியது. முன்பெல்லாம் ஒரு கட்டாவுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும், தேர்ந்த ஆசானுக்கே மூன்று முதல் ஐந்து கட்டாதான் தெரியும் என்று ஃபுனாகோஷி எழுதியிருக்கிறார். கான்புன் உயெச்சி சீனாவின் ஃபூஜோ நகரில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தது மூன்றே மூன்று: சான்சின், செய்சான், சான்செய்ரியு. அதை வைத்தே ஒரு பாணி நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், டெஸ்டுக்கு ஒரு புதுக் கட்டா என்று ஓடும் வகுப்புகளில் பிள்ளைகள் முந்தின கட்டாவை மறந்துதான் அடுத்ததைக் கற்கிறார்கள். ஃபீஸ் கணக்குக்கு அது சரி. கராத்தேக்குச் சரியில்லை.

மேடையில் கட்டா

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. 2021 ஆகஸ்டில் புதோகான் அரங்கில் கட்டா தனிப் பிரிவாக நடந்தது. பெண்களில் ஸ்பெயினின் சான்ட்ரா சான்செஸ், ஆண்களில் ஒகினாவாவைச் சேர்ந்த ரியோ கியுனா தங்கம் வென்றார்கள். நுட்பத்துக்கு 70 சதவீதம், விசை, வேகம், சமநிலை போன்ற உடல்திறனுக்கு 30 சதவீதம் என்று மதிப்பெண் போட்டார்கள். 2024 பாரிஸில் கராத்தே இல்லை.

அந்தப் போட்டிகளைப் பாருங்கள். மனித உடம்பு எவ்வளவு துல்லியமாக அசைய முடியும் என்பது தெரியும். ஆனால் புதிதாகக் கற்பவர்கள் அதை அப்படியே பார்த்துச் செய்ய வேண்டாம் என்பேன். நடுவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி நீளும் நிறுத்தங்கள், மிகத் தாழ்ந்த நிலைகள், சட்டை படபடவென்று ஒலிக்கும் வீச்சு எல்லாம் போட்டிக்காக வளர்ந்தவை. குழுக் கட்டாவின் பதக்கச் சுற்றுகளில் மட்டும், கட்டா முடிந்ததும் அதன் புன்காயை மூவரும் சேர்ந்து செய்துகாட்ட வேண்டும் என்ற விதி உண்டு. அதுவும் பெரும்பாலும் சினிமா சண்டைபோல் பறந்து பறந்துதான் இருக்கிறது. இருந்தாலும் பொருள் என்று ஒன்று உண்டு என்பதை அரங்கிலிருக்கும் சிறுவர்களுக்கு நினைவூட்டுகிறதே, அந்த மட்டில் நல்லது.

கட்டா மட்டும் செய்தால் சண்டை வருமா என்றால், வராது. எதிராளி எப்போது வருவான், எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், அடி வாங்கினால் எப்படி இருக்கும் என்பதைத் தனியாகச் செய்யும் எந்தப் பயிற்சியும் கற்றுத்தராது. அதற்குக் குமித்தே வேண்டும். அதைவிட முக்கியமாக, கட்டாவின் ஒரு துண்டை எடுத்துத் துணையோடு செய்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

வகுப்பு முடிந்து பத்து நிமிடம் இருந்தாலே போதும். நான்காவது அசைவிலிருந்து தொடங்குங்கள். நண்பர் உங்கள் வலது மணிக்கட்டை முதலில் லேசாகப் பிடிக்கட்டும். நீங்கள் காலையும் கையையும் சேர்த்து எடுக்கப் பழகுங்கள். நாலைந்து முறை சரியாக வந்ததும் அவர் இறுக்கிப் பிடிக்கட்டும். பிறகு பிடித்த கையோடு உங்களை முன்னால் இழுக்கட்டும். அதற்கும் பிறகு, இன்னொரு கையால் முகத்துக்கு ஓர் அடி விடட்டும், மெதுவாக. எந்தக் கட்டத்தில் பிடி விடவில்லையோ அங்கே நிறுத்திவிட்டு, தனியாக அந்த அசைவைச் செய்து காலின் தூரத்தையும் இடுப்பையும் பாருங்கள். கழுத்திலும் முழங்கை மூட்டிலும் விசை வைக்கவே கூடாது. சுத்தியல் முஷ்டி காறை எலும்புக்கு ஒரு சாண் மேலேயே நிற்கட்டும். வலித்தால் தட்டுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சிறுவர்களாக இருந்தால் மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நான்கு பேர் உயரத்திலும் எடையிலும் வேறுபட்டவர்களாகக் கிடைத்தால், மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். உங்களைவிடக் குள்ளமானவரிடம் வேலை செய்தது உயரமானவரிடம் அப்படியே வராது. கை சுழலும் வட்டத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.